தொண்டர் பெறும் பேறு

(கார்த்திகைத் திருவிழாவை முன்னிட்டுத் திருவண்ணாமலையில் கூடிய தொண்டர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கொடியேற்றம் தொடங்கி, பத்தாம் நாள் வைகறையில் பரணி தீபமும், அன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படும் வரையில், இந்த நகரம் தன் ஜனத்தொகையினும் பல மடங்கான யாத்திரிகர்களை வரவேற்று, உண்பித்து, வழிகாட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். தீபத்துக்குரிய ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீண்ட காடாத் துணியும் 2,668 அடி உயரமுள்ள மலையுச்சிக்கு மனிதர் தோளிலும் தலையிலும் ஏறிச் செல்கின்றன. தீபம் ஏற்றும் திருப்பணியைப் பர்வதராஜ குலத்தார் வழிவழியாகச் செய்து வருகிறார்கள். கீழே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும், தண்ணீர் கொடுப்போரும், அன்னம் படைப்போரும், கூட்டத்தில் பிரிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயைத் தேடுவோரும், மயங்கி விழுந்த முதியவரை மருத்துவ முகாமுக்கு எடுத்துச் செல்வோருமாக, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுவதும் கண்விழித்து உழைக்கிறார்கள்.

இவ்வுழைப்பினால் யாத்திரிகர்கள் அடையும் பிரயோஜனத்தை விளக்குவதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டியதில்லை. தாகத்தோடு நடந்து வந்து ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தவர் எவரும் அதை அறிவார். நான் இன்று விசாரிக்க எடுத்துக்கொண்டது, பலரும் கேளாமல் விட்டுவிடுகிற மற்றொரு கேள்வி. கூலியும் பாராட்டும் இல்லாமல் உழைக்கிற தொண்டருக்கு அவ்வுழைப்பினால் வருவது யாது என்பதே அது.

இப்படிக் கேட்பதே தொண்டின் தூய்மைக்கு மாசு என்று கருதும் பெரியோர்கள் இச்சபையில் இருக்கலாம். அவர்களுடைய கருத்தில் உள்ள உண்மையை நான் பின்னர் எடுத்துச் சொல்வேன். ஆயினும் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்கன்று நடப் போகிறேன் என்றால், “அதனால் உனக்கு என்னப்பா லாபம்?” என்று தகப்பனார் கேட்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினால், “இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?” என்று பந்துக்கள் தடுக்கிறார்கள். தொண்டு என்பது கொடுப்பவரிடமிருந்து கழிந்து போவது மட்டுமே என்னும் எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பிழையான எண்ணம் என்பதற்கு இந்த ஊரின் சரித்திரமே சாட்சி சொல்லும்.

மண்டகொளத்தூர் லட்சுமியம்மாள் என்றால் உங்களில் பலருக்கு யாரென்று தெரியாது. எச்சம்மாள் என்றால் ரமண பகவானின் சரித்திரத்தைப் படித்தவர்கள் அனைவருக்கும் தெரியும். அந்த அம்மையார் இருபத்தைந்து வயது நிரம்புமுன் கணவரை இழந்தார். பின்னர் ஒரே மகனை இழந்தார். அதன்பின் ஒரே மகளையும் இழந்தார். பிறந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாண்டவர்களின் நினைவே எதிர்ப்பட, அதைத் தாங்க மாட்டாதவராய் மேற்குக் கடற்கரையிலுள்ள கோகர்ணம் வரை சென்று சாதுக்களுக்குப் பணிவிடை செய்து பார்த்தும், துக்கம் அவரை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பியபோது, திருவண்ணாமலையில் இளம் வயதுத் துறவி ஒருவர் மௌனமாக இருக்கிறார் என்று கேள்வியுற்று இங்கு வந்து, மலைமீது விரூபாட்சக் குகையில் அத்துறவியான ரமண பகவானைத் தரிசித்தார். அத்தரிசனத்தில் அவர் அடைந்த சாந்தியைப் பற்றி விவரிக்கும் தகுதி எனக்கு இல்லை. அதன்பிறகு அவர் செய்ததை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அவர் இந்த ஊரிலேயே தங்கி, அன்றாடம் சமைத்து, அவ்வுணவைச் சுமந்துகொண்டு மலையேறினார். பகவானுக்கென்று கொண்டு சென்ற அன்னம் அங்கிருந்த அனைவருக்கும் பங்கிடப்பட்டது. வெயிலிலும் மழையிலும் கைவிடாமல், 1945-இல் காலமாகும் வரையில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த நியமத்தை அவர் காத்து வந்தார். இடையில், தாம் வளர்த்து மணம் செய்து கொடுத்த செல்லம்மாள் என்ற பெண்ணும் ஒரு சிறு குழந்தையை விட்டுவிட்டு இறந்து போனாள். தொண்டு செய்பவரைத் துன்பம் அணுகாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மையாரை அது நான்காம் முறையும் அணுகியது. ஆனால் முதல் மூன்று மரணங்களின்போது ஊரைவிட்டே ஓடச் செய்த துக்கம், நான்காவதில் அவரை ஓடச் செய்யவில்லை. அக்குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து பகவானின் கையில் கொடுத்து அழுதார்; அழுத பின் அடுப்பை மூட்டினார். விடிந்தால் தம்முடைய கையை எதிர்பார்த்திருக்கும் ஓர் இடம் உலகத்தில் உண்டு என்ற நிச்சயம், துயரத்தின் நடுவிலும் ஒரு மனிதரை எழுந்து நிற்கச் செய்கிறது. தொண்டர் பெறும் பேறுகளில் இதையே நான் முதலாவதாக வைக்கிறேன்.

எச்சம்மாளுக்காவது சமைத்துக் கொடுக்க அரிசி இருந்தது. அதே மலையில் குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் வசித்த கீரைப்பாட்டி என்னும் ஏழை மூதாட்டியிடம் அதுகூட நிச்சயமில்லை. மலைச்சரிவில் அலைந்து கீரை பறித்துச் சமைத்து, அதில் ஒரு பங்கைப் பகவானுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையே அவர் தம் வாழ்க்கையின் பொருளாகக் கொண்டிருந்தார். தொண்டு செல்வம் படைத்தவரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவராகவே உலகம் மதித்து வந்த ஒருவர், கொடுப்பவராகத் தம்மை அறிந்துகொள்ளும்போது அடையும் நிமிர்வு, பணம் கொடுத்து வாங்கக் கூடியதன்று.

இரண்டாவது பேற்றை விளக்கச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் வைத்த தண்டியடிகளைச் சொல்ல வேண்டும். திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அவர், கோயில் திருக்குளம் மண்மூடிக் குறுகிப் போவதை அறிந்து, தாமே அதைத் தோண்டத் துணிந்தார். குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டி, அதைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். ஏளனம் செய்தவர்களும் தடுத்தவர்களும் இருந்தார்கள். முடிவில் இறைவன் அருளால் அவர் கண்பெற்றார் என்பது புராணம். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், அந்த அற்புதம் நிகழ்வதற்கு முன்பே அடிகள் ஒன்றைப் பெற்றுவிட்டார். பிறர் கைப்பிடித்து நடத்தாமல், தாமே நட்ட தறியையும் தாமே கட்டிய கயிற்றையும் கொண்டு, தம் ஊருக்கு இன்றியமையாத ஒரு காரியத்தைச் செய்யும் ஆற்றல் தமக்கு உண்டு என்னும் அறிவு அது. அந்தக் காரியம் குறுக்கே வந்திராவிட்டால் அக்கயிற்றைக் கட்ட வேண்டிய அவசியமே அவருக்கு நேர்ந்திராது.

இதே உண்மையை நம் காலத்திலும் பிரத்தியட்சமாகக் கண்டோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பட்டபோது, எழுத்தறியாதவர்களுக்கு மாலை வேளைகளில் கற்பிக்க முன்வந்த தொண்டர்களில் மிகப் பலர் பெண்கள். ஊருக்கு ஊர் சென்று வகுப்பு நடத்த அவர்களுக்குப் பிரயாண வசதி இல்லை. ஆகவே சைக்கிள் விடக் கற்றுக்கொள்வதும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாயிற்று. பெண் சைக்கிள் விடுவதைக் கேலி செய்த ஊர்களில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கல் உடைக்கும் தொழிலாளிப் பெண்களும், வயல் வேலை செய்பவர்களும், பள்ளி ஆசிரியைகளும் ஏறினார்கள். கற்கப் போனவர்கள் எழுத்தைப் பெற்றார்கள். கற்பிக்கப் போனவர்கள் சாலையைப் பெற்றார்கள். பொழுது சாய்ந்தபின் வாசற்படி தாண்டுவதற்கு எவரிடமோ அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு பெண், பக்கத்து ஊரில் இருபது பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற பொறுப்போடு புறப்படும்போது, அவளைத் தடுக்கும் துணிவு வீட்டாருக்கே குறைந்துவிடுகிறது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். படித்துவிட்டு வீட்டோடு இருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். வாங்கிய பட்டத்துக்கு ஒரு பயன் உண்டென்பதை, தங்கள் முன் உட்கார்ந்த குழந்தைகளிடமிருந்தே அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது பேறு உறவு. இதற்கும் நம் ஊர் ஐதிகமே வழிகாட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் இந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனை, கேட்டவருக்கு இல்லையென்னாத வல்லாள மகாராஜா என்று ஸ்தல புராணம் போற்றுகிறது. புத்திர பாக்கியம் இல்லாத அவ்வரசனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது நம்பிக்கை. இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனுடைய ஸ்தானத்திலிருந்து அம்மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். கொடுத்தவன் அடைந்தது புகழ் என்றோ, மறுமையில் ஒரு லோகம் என்றோ சொல்லி நிறுத்தாமல், அவன் அடைந்தது ஓர் உறவு என்று சொன்ன நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணி நான் வியக்கிறேன்.

அந்த உறவு எப்படி உண்டாகிறது என்பதை அறிய மலைச்சரிவைப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் இம்மலையின் பெரும்பகுதி மரமற்றுப் பாறையும் புல்லுமாக இருந்தது; கோடைதோறும் புல்லில் பற்றிய தீ, முளைத்து வந்த கன்றுகளையும் அழித்தது. அப்போது அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்ற சங்கமும், அதன் பின்னர் தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளையும், வனத்துறையின் ஒத்துழைப்போடு, இந்நிலத்துக்கே உரிய மர வகைகளை நாற்றங்காலில் வளர்த்து மழைக்காலத்தில் மலைமீது நடத் தொடங்கின. கோடைக்கு முன் புல்லை அகற்றித் தீ தாண்டாதபடி வெறும் நிலக் கோடுகளை உண்டாக்குவதும், தீப்பற்றியது தெரிந்தவுடன் ஓடிச் சென்று பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பதும் அவ்வேலையின் பகுதிகள். சம்பளம் பெறும் பணியாளர்களும், ஒன்றும் பெறாத ஊர்க்காரர்களும், ரமணாசிரமத்தை நாடித் தூர தேசங்களிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அவ்வேலையில் ஒருவரோடொருவர் சேர்கிறார்கள். தீயின் எதிரே நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் எந்த ஜாதி, எந்த மதம், எந்தப் பாஷை என்று எவரும் விசாரிப்பதில்லை. பல்லாண்டு ஒரே தெருவில் குடியிருந்தும் முகம் பார்த்துப் பேசாதவர்கள், ஓர் இரவு ஒரு தீயைச் சேர்ந்து அணைத்தால் ஆயுள் முழுவதும் சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். மேலும், தன் கையால் ஒரு கன்றை நட்டு மூன்று கோடை காத்த பிள்ளைக்கு, அந்த மலை அதன்பிறகு கண்ணால் காணும் காட்சி மட்டுமன்று. தனக்கும் பொறுப்புள்ள ஒரு சொத்து.

உள்ளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, சரீரத்துக்கு ஏதேனும் உண்டா என்று கேட்பவர்களுக்கும் விஞ்ஞானிகள் விடை தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த ஏறக்குறைய 13,000 பேரைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆண்டுக்கு 100 மணி நேரமாவது தொண்டு செய்தவர்கள், செய்யாதவர்களைவிட அக்காலத்தில் மரணமடைவது குறைவாகவும், நடமாட்டத்தில் தளர்ச்சி குறைவாகவும், வாழ்க்கையில் ஒரு நோக்கம் உண்டென்ற உணர்வு அதிகமாகவும் இருக்கக் கண்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலிய வியாதிகளில் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அதே ஆராய்ச்சி நேர்மையாகச் சொல்கிறது; ஆகவே தொண்டை மருந்துக்குப் பதிலாக எவரும் கொள்ள வேண்டாம். ஆரோக்கியமுள்ளவர்களே தொண்டுக்கு வருகிறார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அது நியாயமான ஆட்சேபமே. அதற்கு விடை போலக் கனடா தேசத்தின் மேற்குப் பகுதியில் 106 உயர்பள்ளி மாணவர்களைச் சீட்டெடுப்பது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பத்து வாரம், வாரம் ஒருமுறை, சிறு குழந்தைகளின் பள்ளிகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பினார்கள். போனவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பும், உடலுக்குள் அழற்சியைக் காட்டும் குறிகளும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததாக 2013-இல் வெளியிட்டார்கள். அவர்களிலும், பிறர் துயரை உணரும் இயல்பு எவரிடம் மிகுதியாக வளர்ந்ததோ அவருக்கே பயனும் மிகுதியாக இருந்தது.

இனி, தொடக்கத்தில் நான் ஒத்திவைத்த ஆட்சேபத்துக்கு வருகிறேன். லாபத்தை எண்ணிச் செய்தால் அது தொண்டாகுமா என்று பெரியோர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். திருப்புகலூரில் முதிய வயதில் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிக்கொண்டிருந்த நாவுக்கரசர் பெருமானின் எதிரே பொன்னும் நவமணியும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தாலேயே வாரி வாவியில் எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். இவ்வரலாற்றை நாம் பக்தியோடு கேட்டு வந்திருக்கிறோம். 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்து முதியவர்களிடம் அவர்கள் எதற்காகத் தொண்டு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, நான்காண்டுகளுக்குப் பின் எவர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தது. பிறர்மீது கொண்ட அக்கறையால் செய்தவர்கள் நீடித்து வாழ்ந்தார்கள். தங்களுக்கு ஏதேனும் நன்மை வரவேண்டும் என்று செய்தவர்களுக்கோ, தொண்டே செய்யாதவர்களைவிட எந்த மேன்மையும் காணப்படவில்லை. நாவுக்கரசர் எறிந்த பொன்னின் பொருள் எனக்கு அப்போது இன்னும் தெளிவாயிற்று. பலன் உண்மையானது, ஆனால் அதன்மீது கண் வைத்தவனுக்கு அது கிட்டுவதில்லை. எதிரே நிற்பவருடைய தேவையில் கண் வைத்தவனுக்கு அது கேளாமலே வந்து சேருகிறது.

எனவே, பலனைத் தேட வேண்டாம். வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். அன்னதானம் செய்பவர்கள், யாத்திரிகருக்குப் பசி எங்கே உண்டாகிறது என்று விசாரித்து அங்கே செய்ய வேண்டும். பத்தடிக்கு ஒருவர் ஒரே இடத்தில் கூடி, வயிறு நிறைந்தவர் கையில் மேலும் மேலும் திணிக்க, அவர் அதைப் பாதையோரத்தில் போட்டுவிட்டுப் போவது தானமாகாது. மாவட்ட நிர்வாகம் அன்னதானத்துக்கு முன்பதிவையும் இடத்தையும் நியமித்து, பிளாஸ்டிக்கைத் தடுத்திருப்பது நம்மைத் தொந்தரவு செய்வதற்காக அன்று. உண்பவரின் உடல்நலத்துக்காகவும் மலையின் நலத்துக்காகவுமே. வாங்குபவரைக் கூனிக் குறுகச் செய்யும் எந்தக் கொடையும் கொடுப்பவரையும் தாழ்த்துகிறது. நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு கிழவியின் கையைச் சோற்றுப் பொட்டலத்தோடு பிடித்து வைத்திருப்பது, அவளுக்குச் செய்யும் அவமானம். மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். திருவிழா முடிந்தபின் இந்நகரின் குப்பையை அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்களின் கூலியைக் குறைப்பதற்குத் தொண்டு ஒரு சாக்காகிவிடக் கூடாது. அவர்களோடு சேர்ந்து அள்ளுவது தொண்டு. அவர்களுக்குரியதைப் பறிப்பது அதர்மம்.

அன்பர்களே, திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும். பெரிய காரியம் அதன்பிறகே தொடங்குகிறது. ஒரு நாள் உற்சாகத்தில் ஓடியாடிவிட்டு ஆண்டு முழுவதும் ஓய்ந்திருப்பவருக்கு நான் சொன்ன பேறுகளில் எதுவும் கிட்டாது. எச்சம்மாள் அன்றாடம் மலையேறினார் என்பதை மறக்க வேண்டாம். 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் ஒரு மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கண்ட அளவோ ஆண்டுக்கு 100 மணி நேரம். இரண்டும் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டியே நிற்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் ஒவ்வொருவரும் இந்த ஊருக்குக் கொடுங்கள் என்று யாசிக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள், படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வலிமை உள்ளவர்கள் மலைக்குப் போங்கள். முதுமையால் நடக்க முடியாதவர்கள், மருத்துவமனையில் துணையின்றிப் படுத்திருக்கும் ஒருவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பேச்சுத் துணையாக இருங்கள். தாய்மார்களே, உங்கள் பெண்ணோ மருமகளோ இத்தகைய காரியத்துக்குப் புறப்பட்டால் வாசலில் நின்று தடுக்காதீர்கள், கூடவே புறப்படுங்கள். எந்த வேலையை ஏற்றாலும் ஒரே இடத்தில், ஒரே கிழமையில், தவறாமல் ஓர் ஆண்டு செய்யுங்கள். தீபம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அதைத் தொடங்கிவிடுங்கள்.